தள்ளாமல் விழவைப்பது

1

நேற்று வார்டு அலுவலகத்துக்குப் போய் என் இடது கை ஆள்காட்டி விரலை மறுபடியும் கொடுத்துவிட்டு வந்தேன். நாகோயாவுக்கு வந்து பத்தாண்டு நிறைந்ததற்கு எனக்கு நடந்த ஒரே விழா அதுதான். வெளிநாட்டவர் பதிவு அட்டையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ரேகை வைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் நான் விரலை மாற்றிக்கொள்ளவில்லை என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமல்லவா. இங்கே எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். மை தடவும் முன் ஒருமுறை, தடவும்போது ஒருமுறை, துடைக்கக் காகிதம் நீட்டும்போது ஒருமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மை தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தடவியவர் ஒகாவா. அந்த அலுவலகத்தின் குமாஸ்தா. சனிக்கிழமை பிற்பகலில் இதே மனிதர் என் சட்டையைப் பிடித்துத் தரையில் கிடத்துவார். ஜூடோ வகுப்பில் அவர் எனக்கு ஜோடி. நேற்று விரலை உருட்டிக்கொண்டே, "ஊரில் தங்கை நலமா?" என்று கேட்டார். அவர் சரசுவைப் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பில் அவளைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து என்னைவிட அவள்மேல்தான் அவருக்கு மதிப்பு அதிகம்.

ஊரில் இருப்பவர்கள் சரசுவின் கதையை வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் நான் வீரனாக வருவதாகத் தகவல். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

நான் இங்கே வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலை ஜப்பான் இயந்திரம் வாங்கியது. அதைப் பழுது பார்க்கப் பழகிவர என்னை ஆறு மாதம் அனுப்பினார்கள். ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இயந்திரம் செய்யும் கம்பெனியே என்னை வைத்துக்கொண்டு, இயந்திரத்தோடு போகும் ஆங்கிலக் கையேடுகளைத் திருத்தும் வேலையைக் கொடுத்துவிட்டது. இந்தியனுக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நான் ஆங்கிலம் படித்தது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். நடத்திய வாத்தியாருக்கே அந்த மொழிமேல் சந்தேகம் இருந்தது. கம்பெனியின் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் அது 'தென்மொரி' ஆகிவிட்டது. பதிமூன்று வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள், அதுவும் கேட்டால். போன வருடம் எங்களைக் கேட்காமலே பள்ளி ஜூடோ குழுவில் சேர்ந்துவிட்டாள். என் மனைவி மரகதம் அந்த ஜூடோ சட்டையைத் துவைக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது.

"பொட்டப்புள்ள ஆம்பளைங்களத் தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தா நாளைக்கு எவனுங்க கட்டுவான்?" என்றாள் மரகதம்.

"தூக்கறதே இல்லம்மா. அவங்களே விழுவாங்க," என்றாள் மகள். அந்த மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான தமிழ் வாக்கியம் அது.

மகளோடு பேச ஒரு விஷயமாவது கிடைக்கும் என்று, வார்டு விளையாட்டுக் கூடத்தில் பெற்றோருக்கும் சேர்த்து நடக்கும் வகுப்பில் நானும் சேர்ந்தேன். முதல் நாள் பயிற்சியாளர் என்னிடம் வந்து 'குஸுஷி' தெரியுமா என்று கேட்டார். என் காதில் 'குஸுரி' என்று விழுந்தது. குஸுரி என்றால் மருந்து. புதிதாகச் சேருகிறவனின் உடல்நிலையை எவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று நெகிழ்ந்து, எனக்கு வாயுத் தொந்தரவு உண்டு, சாப்பாட்டுக்குப் பின் ஓமத் தண்ணீர் குடிக்கிறேன், இப்போது பரவாயில்லை என்று இருபது பேர் முன்னிலையில் விரிவாக எடுத்துச் சொன்னேன். தேன்மொழி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தக் கூடத்தில் நான் அவளுக்குத் தெரிந்தவனாக இல்லை.

குஸுஷி என்றால் எதிராளியின் நிலையைக் குலைப்பது. எறிவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நிலை குலையாதவனை எறிய யானை பலம் வேண்டும். குலைந்தவனை எறிய ஒரு குமாஸ்தா போதும்.

நான் எண்பத்து நாலு கிலோ. ஒகாவா ஐம்பத்திரண்டு. முதல் சுற்றில் அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் எதிர்க்கவில்லை, பின்னால் போனார். இன்னும் தள்ளினேன். இன்னும் போனார். வெற்றி கிட்டத்தில் இருக்கிறது என்று பெரிதாக ஓர் எட்டு எடுத்து வைத்தேன். சட்டைக் கையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல என் கையை லேசாக இழுத்தார். தரையைத் தொடப்போன என் காலை அவர் பாதம் ஒதுக்கிவிட்டது. அடுத்து நான் பார்த்தது கூரையில் இருந்த விளக்கு.

"உங்கள் எடை அந்தக் காலுக்கு வந்து சேர்ந்த பிறகு தட்டினால் மலையைத் தட்டுவது மாதிரி. கிளம்பும் முன் தட்டினாலும் பயனில்லை," என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார். "வந்துகொண்டிருக்கும்போது தட்ட வேண்டும்."

அடுத்த நாலு மாதத்தில் அந்தக் கூடத்து விளக்குகள் எல்லாம் எனக்கு அறிமுகமாயின. நான் யாரையும் விழவைக்கவில்லை.

3

இப்போது என் அண்ணன் நல்லப்பன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வண்டி சேஸிஸாக வரும், அண்ணன் பட்டறையில் மரமும் தகரமும் ஏறி முழு லாரியாகப் போகும். மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். யாராக இருந்தாலும் தன் பட்டறைக்குள் வந்து தான் சொல்லும் அளவில் வெளியே போக வேண்டும். தள்ளினால் நகராத பொருள் எதையும் அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதற்கு நானே பெரிய ஆதாரம். பாலிடெக்னிக்கில் சேர் என்றார், சேர்ந்தேன். மரகதத்தைக் கட்டு என்றார், கட்டினேன். அது ஒன்று மட்டும் நல்லதாக அமைந்தது, அதற்கும் அவரே பொறுப்பு.

தங்கை சரசு ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொள்கிறேன், ஒரு வருடம் பொறுங்கள் என்று கேட்டாள். அவர் அவளுடைய பெட்டியைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை சொந்த லாரி ஓட்டுபவர், நல்ல மனிதர். நாலாம் வருடம் மலைப்பாதையில் லாரியோடு போய்விட்டார். சரசு திரும்பி வந்தாள். குழந்தை இல்லை. அப்பா, ரோட்டோரம் இருந்த நிலத்தின் ஒரு மூலையை அவளுக்குக் காட்டி, "இங்க எதையாச்சும் பண்ணிக்க அம்மிணி," என்றார். அவள் கோழிக் கொட்டாய் போட்டாள். நூறு கோழியில் ஆரம்பித்து எண்ணூறு ஆனது. அப்பா எதையும் எழுதிவைக்காமல் இறந்துபோனார்.

அதற்கப்புறம் அந்த ரோடு அகலமாயிற்று. அண்ணனுக்குப் பட்டறையைப் பெரிதாக்கத் தோன்றியது. கொட்டாய் இருந்த இடம்தான் லாரி திரும்ப வாட்டமானது.

சரசு எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுவாள். கோழிக்கு வந்த சீக்கு, முட்டை ஏற்ற வரும் கேரளா வண்டி, அண்ணன் பேசிய பேச்சு. நானும் தவறாமல் பதில் போட்டேன்: 'அண்ணன் நம் நல்லதுக்குத்தான் சொல்வார், அனுசரித்துப் போ.' எட்டு வருடம் அதே வரி. ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தால் கை வலி மிச்சமாகியிருக்கும்.

போன கோடையில் அண்ணன் கடிதம் வந்தது. 'ஆவணி பிறந்ததும் வந்துட்டுப் போ. நீயும் சரசும் சின்னதா ஒரு கையெழுத்து.' அப்பா நிலத்தில் எங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில்.

4

தேன்மொழிக்குப் பள்ளி விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் வேனோடு வந்து நின்றார். "வா சாமி, என்ன இப்படி எளச்சுக் கெடக்கற?" என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். அன்பில் குறை சொல்ல முடியாது. வழியெல்லாம் பட்டறை எப்படி வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதில் சரசுவுக்கும் ஓர் இடம் இருந்தது. அவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை.

மறுநாள் காலையில் கொட்டாய்க்குப் போனேன். சரசு தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணூறு கோழிகளின் சத்தத்தில் அவள் மெதுவாகப் பேசியது எப்படியோ கேட்டது.

"அந்தப் பத்திரத்துல என்னங்ண்ணா எழுதியிருக்குது?"

"வழக்கமா எழுதறதுதான்."

"நீங்க படிச்சீங்களா?"

"அண்ணன் படிச்சிருப்பாரு."

தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கடையில் கேட்ட சாமான் இல்லையென்று சொன்னால் பார்ப்பார்களே, அப்படி.

"பின்கட்டுல இருக்கச் சொல்றாருங்க. அங்க கோழி வெக்கலாமான்னு கேட்டேன். நாத்தம் அடிக்கும்னாரு."

"அனுசரிச்சுப் போயிரு அம்மிணி. உனக்கு என்ன குறை வெக்கப் போறாரு?"

எட்டு வருடம் எழுத்தில் சொன்னதை முதல்முறையாக நேரில் சொன்னேன். சரசு மறுபடி வாளியை எடுத்துக்கொண்டாள். தேன்மொழி கொட்டாய் வாசலில் நின்று அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ என்று அப்போது நினைத்தேன். முழுவதும் புரிந்திருக்கிறது.

5

பத்திரப் பதிவு அலுவலகத்தில் கூட்டம். தேன்மொழியும் எங்களோடு வந்திருந்தாள். வெளியே மரத்தடியில் பத்திர எழுத்தர் முத்திரைத்தாள் கட்டைப் புரட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு," என்று விரலால் காட்டினார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். சரசுவும் போட்டாள். பிழைப்புக்காக மற்றவர்கள் எழுதியதை வரிக்கு வரி படித்துத் திருத்துகிறவன் நான். என் அப்பாவின் நிலத்தைப் பற்றிய காகிதத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

உள்ளே சார்பதிவாளர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். காலையிலிருந்து ஐம்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக் களைத்திருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"பத்திரத்தைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"சம்மதம்தானே?"

"சம்மதங்க."

இடது கைப் பெருவிரலில் மை தடவினார்கள். ஜப்பானில் ஆள்காட்டி விரல், ஊரில் பெருவிரல். இரண்டு அரசாங்கங்களுக்கும் சேர்த்து என் இடது கையில் ரேகைக்குக் குறைவில்லை. அண்ணன் மேஜை ஓரத்தில் கை ஊன்றிச் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பதிந்ததும் பூமி பூஜைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தார்.

"நீங்க வாங்கம்மா. உங்களுக்குப் பத்திரத்தைப் படிச்சுக் காட்டினாங்களா?"

"இல்லீங்க," என்றாள் சரசு.

சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது பேரில் அந்தப் பதிலைச் சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"அவ ஒரு கூச்சத்துல சொல்றாளுங்க. அதெல்லாம் தெரியும் அவளுக்கு," என்றார் அண்ணன்.

"நீங்க படிங்க, கேட்டுக்கறேன்," என்றாள் சரசு, சார்பதிவாளரிடம். பணிவாகத்தான் சொன்னாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தார். 'உடன்பிறந்த பாசத்தின் பேரில், யாதொரு பிரதிபலனும் பெறாமல், பிறர் தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றி, மனப்பூர்வமாய்…' சரசு தலையைச் சாய்த்துக் கேட்டாள். 'மேற்படி சொத்தில் எனக்கு இதுநாள்வரை எவ்வித அனுபோகமும் இல்லாதபடியால்…'

"அப்படின்னா என்னங்க?"

"அந்த நெலத்துல நீங்க எதும் பண்ணிட்டு இல்லேன்னு அர்த்தம்."

"அங்கதானுங்களே என்ற கோழிக் கொட்டாய் இருக்குது. அப்பன் காட்டுன எடம். எண்ணூறு கோழி நிக்குது."

சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏங்க, பொம்பளை பேசற பேச்சுக்கெல்லாம் நின்னுக்கிட்டு. நீங்க முத்திரையைக் குத்துங்க, நான் பாத்துக்கறேன்," என்றார் அண்ணன்.

"நான் அவங்களைக் கேட்டுட்டு இருக்கேன்."

"அவ என்ற தங்கச்சி. அவளுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்."

"கையை எடுங்க. மேஜையில ஊனாதீங்க."

அண்ணனைப் பார்த்து அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் முகம் சிவந்தது. சரசு அரை அடி பின்னால் தள்ளி நின்று அவருக்கு இடம் விட்டாள். அண்ணன் முன்னால் வந்தார். மேஜைமேல் சாய்ந்து சார்பதிவாளர் கையிலிருந்த பத்திரத்தைப் பிடித்து இழுத்தார். கிழிந்த சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அரசாங்க அதிகாரி கையில் பாதி, அண்ணன் கையில் பாதி.

சார்பதிவாளர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "இதைப் பதிய முடியாது. நீங்க வெளிய போய் நில்லுங்க. இல்லேன்னா வேற மாதிரி ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். 'சொல்லுடா' என்கிற பார்வை. நாற்பது வயதுவரை அந்தப் பார்வைக்கு உடனே ஏதாவது சொல்லிப் பழகியவன் நான். அன்று மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த பாதியைக் கசக்கிக்கொண்டு வெளியே போனார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

என் தங்கை மொத்தம் இருபது வார்த்தை பேசியிருப்பாள். அண்ணனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

6

மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். சரசு ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தேன்மொழி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அப்பா, அந்த சார் கேட்டாரு. நீங்க படிச்சேன்னு சொன்னீங்க. எப்போ படிச்சீங்க?"

மகளோடு பேச ஒரு விஷயம் வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். கிடைத்தது. அவள் தமிழில் கேட்டாள், அதுவும் பிழை இல்லாமல். நான் கண்டக்டரைத் தேடிச் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

இங்கே திரும்பி வந்த பிறகு ஒகாவாவிடம் நடந்ததைச் சொன்னேன். சரசு அரை அடி பின்வாங்கியதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "எத்தனை வருடப் பயிற்சி?" என்றார். அவளுக்குப் பயிற்சி எதுவும் கிடையாது என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது தெரிந்தது.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"ரேகை வைத்தேன்."

ஒகாவா தலை வணங்கினார். அது அனுதாபமா, தொழில் மரியாதையா என்று தெரியவில்லை.

ஊரில் கதை வேறாக முளைத்திருந்தது. ஜப்பானுக்குப் போன தம்பி சண்டை வித்தை கற்று வந்து தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்து அண்ணனைக் கவிழ்த்துவிட்டானாம். அண்ணனே இதை நம்பினார். சரசுவாகவே 'இல்லீங்க' என்று சொன்னாள் என்பதைவிட அவருக்கு இது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். நானும் கொஞ்ச நாள் மறுக்காமல் இருந்தேன். செய்யாத காரியத்துக்குக் கிடைக்கிற பேர் இலேசில் உதறக்கூடியதில்லை.

ஐப்பசியில் சரசு எழுதினாள். அண்ணன் மறுபடி பத்திரம் எழுதப் பார்ப்பதாகவும், என் சம்மதம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்வதாகவும், தான் ஒரு வக்கீலைப் பார்த்ததாகவும். 'நீங்க படிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னும், கொட்டாய் அப்பன் எனக்குக் காட்டுன எடம்னும் ரெண்டு வரி எழுதி அனுப்பினாப் போதுமாம். உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாங்ண்ணா.'

பத்து நாள் எழுதவில்லை. 'படிக்காமல்' என்ற ஒரு சொல்லில் நின்றுபோனேன். மரகதம் மூன்று முறை கேட்டாள். நாலாவது முறை கேட்காமல் காகிதத்தையும் பேனாவையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எழுதினேன். இரண்டு வரி என்றாள் சரசு, ஒரு பக்கம் ஆயிற்று. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

கொட்டாய் அங்கேயே இருக்கிறது. அண்ணன் வேறு பக்கத்தில் பட்டறையை நீட்டிக்கொண்டார். லாரி திரும்பக் கொஞ்சம் சிரமம்தானாம்.

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. மரகதத்தின் தம்பி தனக்கு வந்த பத்திரிகையை அனுப்பியிருந்தான். நல்ல கனமான அட்டை. 'தங்கள் வரவை நாடும்' என்பதற்குக் கீழே பெரியப்பன் மக்கள், சித்தப்பன் மக்கள், பங்காளிகள், பட்டறையில் பங்குள்ளவர்கள் என்று நாற்பது பெயர்கள். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். என் பெயர் இல்லை. மரகதம் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

அடுத்த வாரம் சரசுவின் கடிதம் வந்தது. கோழிகளைப் பற்றி ஒரு பக்கம். கடைசியில் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

'பத்திரிகையில உங்க பேரு இல்லைன்னு கேள்விப்பட்டேன். என்ற பேரும் இல்லீங்ண்ணா. நம்ம ரெண்டு பேரையும் ஒரே பக்கமா நிறுத்தினது இதுதான் மொதத் தடவை.'